பத்தாவது ஆள் வேலைக்குச் சேரும் நாள்

(கோவையில் சிறு, குறுந்தொழில் முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாறிவரும் தொழிலாளர் சட்டங்களை வேலை கொடுப்பவர்கள் எப்படித் தெரிந்துகொண்டே இருப்பது என்பதுதான் இன்று நான் பேச வேண்டிய பொருள். தலைப்பைக் கேட்டதும் சிலர் வாசற்பக்கம் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. பயப்பட வேண்டாம். செக்ஷன் செக்ஷனாக வாசித்து உங்களைத் தூங்க வைக்க நான் வரவில்லை.

ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். இரும்பு விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் தெரியும்? அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. விகிதம் மாறினால்? அன்று இரவே ஆடிட்டருக்குப் போன் போட்டுவிடுவீர்கள். சரி, உங்கள் பட்டறையில் வேலை பார்க்கும் மனிதர்களைப் பற்றிய சட்டம் மாறினால்? அது எப்போது தெரியும்? நோட்டீஸ் வந்த பிறகு தெரியும். ஆய்வாளர் வந்த பிறகு தெரியும். வேலையை விட்டுப் போனவர் வழக்குப் போட்ட பிறகு தெரியும். அப்படித்தானே நடக்கிறது?

"எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்று அங்கே போய்ச் சொல்லிப் பயனில்லை. அரசிதழில் வந்துவிட்டால் நாட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்பதுதான் சட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கு நியாயமா என்று பிறகு பேசுவோம். முதலில், சட்டம் எந்தெந்த வழியாக மாறுகிறது என்று பார்ப்போம். வழி தெரிந்தால்தானே காவல் வைக்க முடியும்?

நண்பர்களே, சட்டம் மூன்று வழியாக மாறுகிறது. முதல் வழி, சட்டமன்றமும் நாடாளுமன்றமும். இது எல்லோரும் அறிந்தது. இரண்டாவது வழி, நீதிமன்றம். இது பாதிப் பேருக்குத்தான் தெரியும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது உங்கள் வாசல் வழியாகவே உள்ளே வரும். அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் என்ற பொருள் நம் அரசியலமைப்பில் பொதுப் பட்டியலில் இருக்கிறது. டெல்லியும் சட்டம் போடலாம், சென்னையும் சட்டம் போடலாம். ஆகவே உங்களுக்கு இரண்டு பக்கமும் கண் வேண்டும்.

டெல்லிப் பக்கம் பாருங்கள். ஊதியச் சட்டத்தொகுப்பு 2019இல் நிறைவேறியது. தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்ற மற்ற மூன்று தொகுப்புகளும் 2020இல் நிறைவேறின. 29 மத்தியச் சட்டங்களை நான்காகக் கட்டினார்கள். கட்டிய பிறகு என்ன ஆயிற்று? வருகிறது, வருகிறது என்றார்கள், வரவில்லை. ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் ஒரு வதந்தி வந்தது, தொகுப்பு வரவில்லை. "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லோரும் ஓய்ந்திருந்த நேரத்தில், 2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஐந்து வருடம் அவகாசம் இருந்தது. அந்த ஐந்து வருடத்தில் தயாரானவர்கள் எத்தனை பேர்?

இப்போது சென்னைப் பக்கம் பாருங்கள். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, வேலை நேரத்தை 12 மணி வரை நெகிழ்த்த வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. மூன்று நாளில், 24ஆம் தேதி, நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்! அந்தப் பத்து நாளில் "இனிமேல் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்" என்று பலகையில் எழுதிப்போட்ட ஒருவர் இருந்திருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும்?

ஒன்று ஐந்து வருடம் தூங்கி எழுந்தது. இன்னொன்று பத்து நாளில் கண்ணை மூடியது. ஆகவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் அதை நம்புவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது மசோதாவா, சட்டமா? நடைமுறைக்கு வரும் தேதி அறிவித்தாயிற்றா? என்னுடைய தொழிலுக்கு, என்னுடைய ஆள் எண்ணிக்கைக்கு இது பொருந்துமா? மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை பலகையில் சாக்பீஸ் படக் கூடாது.

வந்த தொகுப்புகளில் ஊதியத் தொகுப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். "ஊதியம்" என்றால் எது என்பதற்கு இப்போது புதிய வரையறை. நம் ஊரில் சம்பளப் பட்டியல் எப்படி இருக்கும்? பேசிக்கைக் குறைத்துப் போட்டு, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, அந்த அலவன்ஸ், இந்த அலவன்ஸ் என்று மிச்சத்தை நிரப்புவோம். பேசிக் குறைந்தால் பி.எஃப். குறையும், கிராஜுவிட்டி குறையும். பல வருடப் பழக்கம் இது.

புதிய விதி என்ன சொல்கிறது? விலக்கப்பட்ட படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த மிகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். கணக்குப் போடுவோமா? ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. மற்ற படிகள் 18,000. பாதி என்றால் 15,000. மிகுதி 3,000. ஆக அவருடைய ஊதியம் இனி 12,000 அல்ல, 15,000. பி.எஃப். 12 சதவீதம் என்றால் முன்பு 1,440 ரூபாய், இப்போது 1,800 ரூபாய். பத்து வருடம் வேலை பார்த்து விலகினால் கிராஜுவிட்டி முன்பு ஏறத்தாழ 69,230 ரூபாய், இப்போது ஏறத்தாழ 86,540 ரூபாய். ஓர் ஆளுக்கு 17,300 ரூபாய் வித்தியாசம். இருபது பேர் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த ஆள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறாரா என்பதையும் புதிதாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பி.எஃப். பிடித்தம் உங்களுக்கு மட்டுமா கூடுகிறது? தொழிலாளிக்கும்தான் கூடுகிறது. கையில் வாங்கும் சம்பளத்தில் 360 ரூபாய் குறையும். ஏழாம் தேதி அவர் வந்து நிற்பார். "ஏனுங்கண்ணா, சம்பளம் கொறையுதுங்களே, என்ன விசயமுங்க?" என்று கேட்பார். "எனக்குத் தெரியாதப்பா, ஆடிட்டர்தான் அப்படிப் போட்டிருக்கிறார்" என்று நீங்கள் சொன்னால் அந்த இடத்தில் என்ன நடக்கும்? முதலாளி நம் காசை எடுத்துக்கொண்டார் என்றுதான் லைனில் பேசிக்கொள்வார்கள். "உன் கணக்கில் 360 ரூபாய் கூடப் போகிறது, என் பங்காக இன்னொரு 360 ரூபாயும் சேர்த்துக் கட்டுகிறேன், உன் போனிலேயே பாஸ்புக்கைத் திறந்து பார்" என்று சொல்லத் தெரிந்தவருக்கு அந்தப் பிரச்சினையே வராது. ஒரே சட்டம், ஒரே தொகை. தெரிந்தவருக்கு மரியாதையைக் கொடுக்கிறது, தெரியாதவருக்குச் சந்தேகத்தைக் கொடுக்கிறது.

அதே தொகுப்பில் இன்னொன்று. வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பளப் பாக்கியை முடித்துக் கொடுக்க வேண்டும். அவராகவே ராஜினாமா செய்தாலும் அதுதான் விதி. "அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல வந்து செட்டில்மென்ட் வாங்கிக்கோ" என்ற நம் பழைய வாய்ப்பாட்டை இனி மறந்துவிட வேண்டியதுதான். மற்ற தொகுப்புகளுக்கு வந்தால், குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் ஆளுக்குக் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் தேவையில்லை, ஒரு வருடம் போதும் என்று அரசு விளக்கம் சொல்கிறது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். உங்களிடம் பதினைந்து வருடமாக இருக்கும் பழைய டர்னர் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா? வீட்டுக்குப் போனதும் யோசித்துப் பாருங்கள்.

"சரி, 29 சட்டம் நான்காகிவிட்டது, இனி நான்கைத் தெரிந்துகொண்டால் போதுமே" என்று யாராவது நினைத்தால், அங்கேதான் ஆபத்து. அந்த 29இல் தமிழ்நாட்டுச் சட்டங்கள் இல்லை. கடைகளும் நிறுவனங்களும் பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதில் இல்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அவற்றோடு ஐந்து பண்டிகை நாள் என்று ஒன்பது விடுமுறையை வகுத்த 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதில் இல்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் இல்லை. பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம்கூட அந்த 29க்கு வெளியேதான் நிற்கிறது.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தி. நகர் ரங்கநாதன் தெருவிலோ நம் ஒப்பணக்கார வீதியிலோ ஒரு ஜவுளிக்கடைக்குள் போயிருப்பீர்கள். காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கும் பெண் இரவு ஒன்பது மணிக்கும் நின்றுகொண்டிருப்பாள். நாம் புடவை பார்க்க உட்கார்ந்திருப்போம். எடுத்துப் போடுகிறவள் நின்றுகொண்டிருப்பாள். நரம்பு சுருண்டு, கால் வீங்கி, மாலையில் செருப்புக்குள் பாதம் நுழையாது. கேரளம் 2018இல் இதற்கு வழி செய்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டப்பேரவையும் கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்றது. ஒரு நாற்காலிக்குச் சட்டமா என்று சிலர் சிரித்தார்கள். நான் கேட்கிறேன், ஒரு நாற்காலி போடுவதற்குச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்ததே, அது யாருக்கு வெட்கம்?

இப்போது இரண்டாவது வழி. சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனால் சட்டம் மாறிவிடும். நீதிமன்றத் தீர்ப்பு அதைச் செய்கிறது.

தொழிற்சாலையில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. தகுந்த பாதுகாப்போடு பெண்கள் இரவிலும் வேலை பார்க்கலாம் என்று வழி திறந்தது. 2019 பிப்ரவரி 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் படிகளை பி.எஃப். கணக்கிலிருந்து விலக்கிவைக்க முடியாது என்றது. 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தில் ஒரு வரி திருத்தமில்லை. இருந்தும் கணக்கு மாறிவிட்டது.

இன்னொரு தீர்ப்பு, 2022 அக்டோபரில் வந்தது. செக்மேட் சர்வீசஸ் வழக்கு. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை அந்தந்தச் சட்டம் சொன்ன தேதிக்குள், அதாவது அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவில்லை என்றால், வருமான வரியில் அதைச் செலவாகக் கழிக்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிட்டர்ன் போடுவதற்குள் கட்டினால் போதும் என்று நினைத்திருந்தவர்களுக்கு ஒரு நாள் தாமதமும் வரியாக வந்து விடிந்தது. பிடித்த பணம் உங்கள் பணமல்ல, அவர் பணம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இதை அறிய வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. காதைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

இனி மூன்றாவது வழிக்கு வருகிறேன். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

சட்டமன்றம் கூடவில்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பையன் வேலை கேட்டு வருகிறான். ஆர்டர் நிறைய இருக்கிறது, சேர்த்துக்கொள்கிறீர்கள். அவன் உங்கள் பட்டறையின் பத்தாவது ஆள். அந்த நிமிடம் உங்களுக்குப் பொருந்தும் சட்டம் மாறிவிட்டது! இ.எஸ்.ஐ. வருகிறது. கிராஜுவிட்டி வருகிறது. பெண்கள் புகார் கொடுக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதற்குத் தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

இருபதாவது ஆள் வருகிறார். பி.எஃப். வருகிறது, போனஸ் வருகிறது. ஐம்பதாவது ஆள் வருகிறார். குழந்தைகள் காப்பகம் வருகிறது. முந்நூறாவது ஆள் வருகிறார். நிலையாணைகள், அதாவது எழுதிவைத்த பணி நிபந்தனைகள், வருகின்றன, ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வருகிறது. முன்பு இந்த வரம்பு நூறாக இருந்தது, இப்போது முந்நூறு. பத்து, இருபது, ஐம்பது, முந்நூறு. இந்த நான்கு எண்களை வீட்டுக்குப் போகும்போது மனப்பாடமாக எடுத்துப் போங்கள்.

நம்மில் சிலர் பலே ஆட்கள். பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இருபதாவது ஆளை மனைவி பெயரில் இருக்கும் கம்பெனியில் காட்டுவார்கள். அதுவும் நிறைந்தால் மச்சான் பெயரில் இன்னொன்று தொடங்குவார்கள். ஒரே கேட், ஒரே மீட்டர், ஒரே டீக்காரர், மூன்று கம்பெனி! பி.எஃப். அதிகாரிக்கு இது தெரியாதா? நிர்வாகம் ஒன்றா, பணம் ஒரே இடத்திலிருந்து வருகிறதா, ஒன்று இல்லாமல் மற்றொன்று ஓடுமா என்று பார்த்து, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கெடுப்பார்கள். பழைய வருடங்களுக்கும் சேர்த்து வட்டி, அபராதம் எல்லாம் வரும். மறைத்து மிச்சம் பிடித்தது மொத்தமும் ஒரே உத்தரவில் போய்விடும்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள். "ஐயா, ஆர்டர் பிடிக்கவே நேரமில்லை. மின் கட்டணம் ஒரு பக்கம், பேங்க் வட்டி ஒரு பக்கம். இதையெல்லாம் நான் எப்போது படிப்பது?" நியாயமான கேள்வி. அரசாங்கத்தையும் இந்த மேடையிலிருந்து நான் கேட்கிறேன். பத்துப் பேர் வைத்துப் பட்டறை நடத்துகிறவருக்கும் பத்தாயிரம் பேர் வைத்து ஆலை நடத்துகிறவருக்கும் ஒரே மாதிரி ஆங்கிலத்தில் அரசிதழ் போட்டால் போதுமா? எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதி, நடைமுறைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே கொடுக்கக் கூடாதா? 2016 ஜனவரியில் போனஸ் திருத்தத்தை அறிவித்துவிட்டு, அது 2014 ஏப்ரல் முதலே அமல் என்றார்கள். தீபாவளிக்குக் கொடுத்து முடித்த போனஸைத் திரும்பக் கணக்குப் போடு என்றால் சிறு தொழில் எப்படித் தாங்கும்? இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் ஒன்று, சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பவர் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு எடை இருக்கும்.

சட்டம் மாறினாலே செலவுதான் என்ற நினைப்பும் முழு உண்மையல்ல. 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. சந்தா மொத்தமாக 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. முதலாளியின் பங்கு 4.75இலிருந்து 3.25 ஆயிற்று. இப்போது ஊதியத் தொகுப்பில், முதல் முறை தவறு கண்டால் உடனே வழக்குத் தொடராமல், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வாளருக்கு வழிகாட்டும் வேலையும் சேர்ந்திருக்கிறது. அவரைக் கண்டு ஷட்டரை இறக்காமல், உட்காரவைத்துச் சந்தேகம் கேட்கும் காலம் வர வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? நான்கு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். சம்பளப் பட்டியல் போடும் தங்கையே போதும். வெளியில் கன்சல்டன்ட் இருக்கட்டும். கேள்வி கேட்கும் ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

இரண்டாவது, மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டி முடித்த கையோடு, முதலாளியும் அந்த ஊழியரும் உட்காருங்கள். இந்த மாதம் தொழிலாளர் துறை என்ன சொன்னது, பி.எஃப். அலுவலகச் சுற்றறிக்கை என்ன, நம் ஆள் எண்ணிக்கை எத்தனை? ஏப்ரல் வந்தால் குறைந்தபட்சக் கூலிக்கான அகவிலைப்படி எவ்வளவு ஏறியது? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

மூன்றாவது, கூடிச் செய்யுங்கள். 1918இல் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இரண்டே வருடத்தில், 1920இல், வேலை கொடுப்பவர்களும் தென்னிந்திய முதலாளிகள் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். நம் கோவையில் 1933இல் ஆலை அதிபர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். பெரிய முதலாளிகளுக்கே கூட்டு தேவைப்பட்டது என்றால் நமக்குத் தேவையில்லையா? ஒரு தெருவில் பத்துப் பட்டறை சேர்ந்து ஒரு வக்கீலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்து உட்கார வையுங்கள். ஒரு பட்டறைக்கு ஆகும் செலவு ஒரு வேளை பிரியாணிச் செலவுகூட இருக்காது.

நான்காவது, தொழிலாளிக்குச் சொல்லுங்கள். மாற்றம் வந்தால் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் எழுதுங்கள், எழுதத் தெரிந்த ஒரு பையன் அவர்களிலேயே இருப்பான். உங்களுக்கு முன்பே அவர்கள் போனில் பார்த்துவிடுகிறார்கள். பி.எஃப். ஏறியதா என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. முதலாளிக்குத் தெரியாத உரிமை தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும் பட்டறையில் சண்டை வரும். இருவருக்கும் தெரிந்த பட்டறையில் பேச்சுவார்த்தை வரும்.

தோழர்களே, சட்டத்தைத் தெரிந்துகொள்வது அபராதத்துக்குப் பயந்து செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். தொழில் வளர வேண்டும் என்றுதானே ஓடுகிறோம்? வளர்ந்தால் பத்தாவது ஆள் வருவார், இருபதாவது ஆள் வருவார். வளர்ச்சிக்கு ஆசைப்படுகிறவர் அதோடு வரும் பொறுப்புக்கும் தயாராக இருக்க வேண்டும். ஆளைச் சேர்க்கும் முன்பே அந்தச் செலவைக் கணக்கில் எழுதி, அதையும் சேர்த்து விலை சொல்லி ஆர்டர் எடுங்கள். பி.எஃப்.ஐயும் போனஸையும் விழுங்கித்தான் லாபம் காட்ட முடியும் என்றால் அந்த ஆர்டரே நஷ்ட ஆர்டர்தான்.

நாளை காலை பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாகத் தலையை எண்ணுங்கள். காண்டிராக்டர் ஆள், பார்ட் டைம் ஆள், உங்கள் மைத்துனர் கம்பெனியில் காட்டிய ஆள் எல்லோரையும் சேர்த்து எண்ணுங்கள். அந்த எண்ணுக்கு எந்தெந்தச் சட்டம் பொருந்தும் என்று ஒரு தாளில் எழுதி, இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுவாருங்கள். சந்தேகங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசுவோம்.